ஒரே அச்சு, வேறு வேறு குண்டு

1776 ஜூலை 9. நியூயார்க்கில் சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கூட்டம், நேரே பௌலிங் கிரீன் பூங்காவுக்குப் போனது. குதிரைமேல் வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. மேலே தங்கப் பூச்சு, உள்ளே காரீயம். துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிச்ஃபீல்டுக்கு, ஆலிவர் வால்காட் என்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாருமாகச் சேர்ந்து உருக்கி வார்த்த குண்டுகள் 42,088. யார் எத்தனை வார்த்தார்கள் என்றுகூட வால்காட் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

பிள்ளைகளால்கூட முடிந்தது என்றால் காரணம், காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது. விறகடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். 19ஆம் நூற்றாண்டில் பெட்டியில் வைத்து விற்கப்பட்ட கோல்ட் ரிவால்வர்களோடு ஒரு வார்ப்பு அச்சும் சேர்ந்தே வந்தது. இடுக்கி போன்ற பிடி, நடுவே குழிந்த இரண்டு பாதிகள், மேலே ஊற்றுவாய். சொந்த உபயோகத்துக்காக வீட்டில் குண்டு வார்க்க இன்றும் அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே இது ஒரு பொழுதுபோக்காகவே நீடிக்கிறது. அதில் இறங்குபவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எந்த அச்சு? எந்த உலோகம்? பார்க்க இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான்.

பழைய கோல்ட் ரிவால்வரில் பதில் எளிது: சுத்தமான காரீயம். அதன் உருளையில் உள்ள அறைகளுக்கு முன்பக்கத்திலிருந்து வெடிமருந்தைக் கொட்டி, அறையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையை நெம்புகோலால் அழுத்தி இறக்குவார்கள். உருண்டையின் விளிம்பிலிருந்து மெல்லிய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே விழும். அது விழுந்தால்தான் உருண்டை அறையை இறுக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் கீறினாலே தடம் விழும் உலோகம்தான் இதற்கு வளைந்துகொடுக்கும்.

உலோகத் தோட்டாக்களும் புகையில்லா மருந்தும் வந்தபின் கணக்கு மாறியது. அழுத்தமும் வேகமும் கூடின. சுத்தக் காரீயம் குழலின் சுழல்பள்ளங்களில் பிடிபடாமல் வழுக்கத் தொடங்கியது. அதைக் கெட்டிப்படுத்த இரண்டு துணை உலோகங்கள் வந்தன. ஒன்று வெள்ளீயம், நம் வீட்டு ரச ஈயச்சொம்பில் இருப்பது. இன்னொன்று ஆன்டிமனி. வெள்ளீயத்தின் பெரிய உதவி உருகிய நிலையில்தான். கலவையின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, அச்சின் கூரான மூலைகள்வரை ஓடிப்போய் நிரம்பச் செய்கிறது. குண்டுக்கு வலுவைத் தருவது பெரும்பாலும் ஆன்டிமனி.

ஆன்டிமனியின் வேலையில்தான் எனக்குத் தீராத வியப்பு. அது தனியே உருக 630 டிகிரி வேண்டும். ஆனால் காரீயத்தில் 11 சதவீதம் கலந்துவிட்டால், இரண்டில் எதைவிடவும் குறைவாக, 252 டிகிரியிலேயே முழுக் கலவையும் உருகிவிடும். எழுத்து வரிகளை உலோகத்தில் வார்த்துக் கொடுத்த லைனோடைப் அச்சுக்கோப்பு இயந்திரங்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் ஓடின. 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்பது அவற்றின் கலவை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1978 ஜூலையில் லைனோடைப்புக்கு விடைகொடுத்தது. பிற பத்திரிகைகளும் கைவிட்ட அந்த எழுத்து உலோகம் பழைய உலோகக் கடைகள் வழியாகக் குண்டு வார்ப்பவர்களின் சட்டிக்குப் போனது. தலைப்புச் செய்தி குண்டாகிப் பறந்தது என்று யாராவது கேலி செய்திருந்தால் தப்பில்லை.

இந்தக் கெட்டித்தன்மை விஷயத்தில்தான் புதிதாக வார்ப்பவர்கள் சறுக்குகிறார்கள். குழலுக்குள் ஈயப் பூச்சு படிந்தால், குண்டு மிருதுவாக இருந்ததால்தான் உரசி ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, இன்னும் கெட்டியான கலவைக்குப் போவார்கள். பல சமயம் படிவு அதிகமாகும். வெடிக்கும் வாயு பின்னாலிருந்து தள்ளும்போது, மிருதுவான குண்டின் அடிப்பாகம் சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. அளவில் சிறுத்த, கெட்டியான குண்டு அப்படி விரிவதில்லை. ஓரத்து இடைவெளியில் சூடான வாயு சீறிப் பாய்ந்து குண்டை அரித்து, அந்த ஈயத்தைக் குழலில் பூசிவிடுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவு. ரிவால்வரில் குழலை மட்டும் அளந்தால் போதாது, உருளை அறையின் முன்வாயையும் அளக்க வேண்டும். முன்வாய் குறுகலாக இருந்தால், எந்த அச்சு வாங்கினாலும் குண்டு அங்கேயே சிறுத்துவிடும்.

அச்சுக்கும் கலவைக்கும் உள்ள பிணைப்பும் இந்த அளவில்தான். லைமன் நிறுவனத்தின் 429421 என்ற அச்சு புகழ்பெற்றது. கௌபாயாக இருந்து துப்பாக்கி எழுத்தாளரான எல்மர் கீத், 1920களின் இறுதியில் வடிவமைத்த குண்டு அது. முதல் மூன்று இலக்கங்கள் குறுக்களவைச் சொல்கின்றன: 0.429 அங்குலம். ஆனால் அது எந்தக் கலவைக்கு? ஆன்டிமனி மிகுந்த உலோகம் உறையும்போது குறைவாகவே சுருங்கும். அதனால் அதே அச்சில் சுத்தக் காரீயத்தைவிட லைனோடைப் உலோகம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பருத்த குண்டைத் தரும். எடையோ குறையும், ஆன்டிமனியும் வெள்ளீயமும் காரீயத்தைவிட லேசானவை அல்லவா. ஆயிரத்தில் ஒரு பங்கு அற்பமாகத் தோன்றலாம். வாயு கசிவதும் கசியாததும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

அச்சு எதனால் செய்யப்பட்டது என்பது இதற்கு அடுத்தபடிதான். அலுமினியம் லேசானது, சீக்கிரம் சூடேறும். இரும்பு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை கனக்கும், சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். எதுவானாலும் அச்சு ஆறிக் கிடந்தால் குண்டின் மேல் சுருக்கங்கள் விழும், சூடு மிஞ்சினால் பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும்.

உலோகம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது பெரிய தலைவலி. வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் ஈயக் கட்டிகள்தான் ஒரு காலத்தில் மலிவான மூலப்பொருள். கலிஃபோர்னியா உள்ளிட்ட மாநிலங்கள் அவற்றைத் தடைசெய்த பிறகு, பழைய கட்டிகளோடு துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். சட்டியின் சூட்டை அதற்குக் கீழே வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். கவனம் பிசகினால் சட்டி முழுதும் வீண். சட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். இந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் கொஞ்சம். விஷம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கசட்டுத் தூளிலிருந்து, கைவழியாக வாய்க்கு. லிச்ஃபீல்டில் செய்ததுபோல் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இன்று யாரும் துணியக் கூடாது.

ஆன்டிமனியின் இன்னொரு வித்தையும் உண்டு. அச்சிலிருந்து சூடாக விழும் குண்டைத் தண்ணீரில் போட்டால், சூட்டில் கரைந்திருந்த ஆன்டிமனி வெளியே வர நேரமில்லாமல் காரீயத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. பிறகு குண்டு சும்மா கிடக்கும்போது, மணிக்கணக்கில், நாள்கணக்கில், உள்ளுக்குள் ஆன்டிமனி நுண்துகள்களாகப் பிரிந்து குண்டைக் கெட்டியாக்குகிறது. துளி ஆர்சனிக் இருந்தால் இது இன்னும் விரைவு. நேற்று வார்த்தது இன்றைக்குக் கூடுதல் கெட்டி. இப்போது பலர் குண்டின்மேல் பிளாஸ்டிக் பொடி தூவி, அடுப்பில் சுமார் 200 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டு, மெல்லிய உறை போட்டுவிடுகிறார்கள். ஈயம் குழலைத் தொடுவதேயில்லை. ஆனால் அந்தச் சூடு, தண்ணீரில் போட்டுச் சேர்த்த கெட்டித்தன்மையைக் கரைத்துவிடும். அந்தக் கெட்டித்தன்மை வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு மறுபடி தண்ணீரில் போட வேண்டும்.