மாரடைப்புக்குப் பின் வயலுக்கும் தறிக்கும் திரும்புதல்

உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழும் நமக்கு மாரடைப்பு என்பது நோய் மட்டுமன்று. பிழைப்பையே நிறுத்திவிடும் பேரிடியுமாகும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அங்கத்தினரின் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி, "இனி மண்வெட்டியைப் பிடிக்கலாமா? தறியில் அமரலாமா?" என்பதே. வீட்டார் அச்சத்தால் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. வறுமையோ, குறுவை நடவு தவறிவிடும், நெசவுக் கூலி நின்றுவிடும் என்று அச்சுறுத்திப் பத்தாம் நாளே அவரை வெயிலில் இறக்கிவிடுகிறது. இவ்விரண்டும் தீங்கேயாகும். அளவறிந்து, படிப்படியாக உழைப்புக்குத் திரும்புவதே நலம்.

பழைய கருத்தும் புதிய அறிவும்

இந்நோயாளர் பல வாரங்கள் அசையாது படுத்திருக்க வேண்டும் என்றே மருத்துவர்கள் ஒரு காலத்தில் கருதினர். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களான லெவின், லவுன் ஆகிய இருவரும் நோயாளரை விரைவிலேயே எழுப்பி நாற்காலியில் அமரச் செய்து, அதனால் தீங்கில்லை எனக் காட்டினர். 1955இல் மாரடைப்புக்குள்ளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், படிப்படியாக நலம் பெற்று மறு ஆண்டே மீண்டும் தேர்தலில் வென்றார்.

நம் நாட்டிலும் 24 மருத்துவ நிலையங்களில் மாரடைப்புக்குள்ளான 3,959 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. முடிவு 2020இல் வெளியாயிற்று. யோகப் பயிற்சி பெற்றோர் தம் பழைய அலுவல்களுக்குத் திரும்புவதில் கூடுதலான முன்னேற்றம் கண்டனர். ஆயினும் மீண்டும் மாரடைப்பு வருவதை அப்பயிற்சி குறைத்தது என்று உறுதிப்படவில்லை. ஆகவே, பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று என்பதை நினைவிற்கொள்க. மருத்துவர் கூறாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தலாகாது.

பயிற்சியால் கைகால் தசைகள் உயிர்வளியைச் செவ்வையாகப் பயன்படுத்தப் பழகுகின்றன. அதனால் அதே வேலைக்கு இதயம் படும் பாடு குறைகிறது.

தொடங்கும் முறை

மேட்டூர் அணையைத் திறக்கும்பொழுது முழு நீரையும் ஒரே நாளில் விடுவதில்லை. சிறுகத் திறந்து நாளடைவில் உயர்த்துவர். இதயத்தையும் அவ்வாறே நடத்த வேண்டும். மருத்துவரின் இசைவு பெற்றபின், சமதரையில் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை நடக்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை சில நிமிடங்களைக் கூட்டி, நான்கு முதல் ஆறு வாரங்களில் தொடர்ந்து அரைமணி நேரம் நடக்கும் நிலையை எய்தலாம். நடக்கையில் உடன் வருபவரோடு தடையின்றிப் பேச இயல வேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி என்று அறிக. உண்டவுடனும் உச்சி வெயிலிலும் நடத்தல் கூடாது. தமிழ்நாடு அரசு 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடத்தை அமைத்தது; அது நல்லதே எனினும் முதல் மாதத்து நோயாளருக்கு உரிய அளவன்று.

வயலிலும் தறியிலும்

வரப்பில் நடப்பதும் சேற்றில் நடப்பதும் ஒன்றல்ல. முதலில் ஆற்றங்கரையில் நடந்து, பயிரைப் பார்த்து வருவதோடு நிறுத்துக. வரப்பு வெட்டுதல், நாற்றுமுடி சுமத்தல் ஆகியவை பின்னரே. 40 கிலோ நெல்மூட்டையை மூச்சடக்கித் தூக்கும்பொழுது இரத்த அழுத்தம் திடீரென உயரும். ஆகவே, மருத்துவர் தெளிவாக அனுமதிக்கும்வரை அதனைத் தொடலாகாது. மார்பைத் திறந்து அறுவை செய்துகொண்டோர்க்கு மார்பெலும்பு கூடச் சுமார் மூன்று மாதமாகும். அதுவரை பளு இழுத்தலும் தூக்கலும் கூடா.

நெசவாளர் முதலில் தார் சுற்றுதல் போன்ற இலகுவான வேலையை மேற்கொள்ளலாம். பின்னர்க் குழித்தறியில் சிறிது நேரம் நெய்து, எழுந்து நடந்து, மீண்டும் அமரலாம். கூலியை எண்ணி நாள் முழுதும் மிதித்தல் ஆகாது.

எச்சரிக்கை

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் நோவு, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே வேலையை நிறுத்தி அமர்க. நாவின்கீழ் வைக்க மருத்துவர் தந்த மாத்திரை இருப்பின், அவர் கூறியவாறு வைத்துக்கொள்க. ஐந்து நிமிடத்தில் தணியாவிடின் 108க்குத் தொலைபேசி செய்க; தாமே வண்டி ஓட்டிச் செல்லற்க.

நமது கடமை

ஒருவர் தளர்ந்தபொழுது பலர் தாங்குவதே கூட்டுறவு. நோயுற்ற அங்கத்தினரின் வயலுக்கு மடை திருப்ப அண்டை நிலத்தார் முன்வரலாம். நெசவாளர் சங்கங்கள் அவருக்கு இலகுவான வேலையும் சற்றுக் கூடுதல் தவணையும் அளிக்கலாம். நடக்கையில் துணையாக ஒருவர் உடன் செல்லலாம். அவசரமின்றித் திரும்ப வழியிருந்தால்தான் மருத்துவர் சொல்லும் அறிவுரை வீட்டில் நிறைவேறும். அவ்வழியை அமைத்துத் தருவது நம் கையில் உள்ளது.