ஒருமுறை மட்டும் கேட்கத்தக்க வினா: யூத சமயம் தழுவிய ஆப்பிரிக்க அமெரிக்கரின் அன்றாட வாழ்வும் நகைச்சுவையும்

முன்னுரை

யூத சமயத்தைத் தழுவ விரும்பி வருபவரிடம் கேட்கவேண்டிய முதல் வினாவைப் பாபிலோனியத் தல்மூதின் எவாமோத் பகுதி வகுத்துரைக்கிறது. எதைக் கண்டு வந்தீர், இஸ்ரயேல் மக்கள் இக்காலத்தில் ஒடுக்கப்பட்டு அலைக்கழிக்கப்படுவதை அறியீரோ என்பது அவ்வினாவின் கருத்து. அறிவேன், அதற்கும் யான் தகுதியுடையேன் அல்லேன் என அவர் விடையிறுத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவார். பின்னர் மூவர் கொண்ட சமய நீதிமன்றத்தின் ஒப்புதல், ஆண்களுக்கு விருத்தசேதனம், மிக்வே எனப்படும் சடங்குக் குளத்தில் மூழ்கி எழுதல் ஆகியவை நிறைவேறியதும் அவர் முழு யூதராகிறார். அதன்பின் அவருடைய பழைய வாழ்வைச் சொல்லிக்காட்டுவது சொல்லால் இழைக்கும் தீங்காகும். பாபா மெட்சியா பகுதியின் மிஷ்னாவும் அதன் விரிவுரையும் இதனைத் தடுக்கின்றன. ஆகவே, சட்டத்தின்படி அவ்வினா ஒருமுறை மட்டுமே கேட்கத்தக்கது.

அமெரிக்க யூதருள் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழியினர். அவர்களிடையே யூதம் தழுவிய ஆப்பிரிக்க அமெரிக்கர் இவ்வினாவை வாழ்நாள் முழுதும் எதிர்கொள்கின்றனர். அதற்கு அவர்கள் அளிக்கும் விடை பெரும்பாலும் நகைச்சுவையாக அமைவது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாயிலில் எழும் வினா

வினா பல உருவங்களில் வருகிறது. எப்போது மதம் மாறினீர்கள் என்பது நேரடியான வடிவம். வழிபாட்டு நூலில் பக்கத்தைத் தேடிக்கொடுக்கும் உதவியும் சிலவேளை அதே வினாவே. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் பதினொருவர் கொல்லப்பட்டபின் வாயிற்காவல் மிகுந்தது. காவல் மிகுந்த இடத்தில் கறுப்பு உடல் முதலில் ஐயத்திற்குள்ளாவது அமெரிக்கச் சூழலில் வியப்பன்று. வெள்ளையரல்லாத யூதர் 1,118 பேரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில், யூதச் சூழல்களிலேயே பாகுபாட்டை எதிர்கொண்டதாக 80 விழுக்காட்டினர் கூறினர். அவர்களுள் பிறப்பால் யூதரானோரும் பலர். அவர்களிடமும் மதமாற்றம் பற்றியே கேட்கப்படுகிறது என்பதையும் கருதவேண்டும்.

சமய மரபிலும் ஒரு முரண் உண்டு. மதம் தழுவியவர் எபிரேயப் பெயர் பூணும்போது ‘ஆபிரகாமின் மகன்’ எனவோ ‘மகள்’ எனவோ பெயரிடப்படுகிறார். திருச்சுருள் வாசிப்பிற்கு அழைக்கப்படும்போது தந்தை பெயரும் சேர்த்தே உரைக்கப்படும். நினைவூட்டலாகாது என்னும் சட்டமும், பெயரிலேயே குறிப்புணர்த்தும் வழக்கும் அருகருகே நிலவுகின்றன.

முந்திக்கொள்ளும் நகை

நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளல் ஒன்று எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. தான் பிறரை எள்ளி நகுதலேயன்றிப் பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் அதனுள் அடங்கும் எனப் பேராசிரியர் விளக்குவார். இவற்றோடு, பிறர் எள்ளுமுன் தன்னைத் தானே எள்ளுதல் என்னும் வகையையும் சேர்க்க இடந்தருவது பாடகரும் நடிகருமான சாமி டேவிஸ் ஜூனியரின் (1925-1990) வாழ்வு.

1954 நவம்பரில் லாஸ் வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் வழியில் நேர்ந்த கார் விபத்தில் அவர் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரே யூத சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டுப் பயின்று அதனைத் தழுவினார். கோல்ஃப் ஆட்டத்தில் ஆட்டக்காரரின் திறனளவைக் குறிக்கும் ‘ஹேண்டிகேப்’ என்னும் ஆங்கிலச் சொல் உடற்குறையையும் இடர்ப்பாட்டையும் குறிக்கும். அதைப் பற்றி ஒருவர் வினவ, தாம் ஒற்றைக்கண்ணர், கறுப்பர், போதாக்குறைக்கு யூதர் என்று டேவிஸ் விடையளித்ததாகப் பரவலாக வழங்கும் துணுக்கு அச்சொல்லின் இருபொருளைப் பற்றி எழுந்தது. மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கியதால், அவற்றைச் சுட்டவிருந்தவருக்குச் சொல்ல ஏதும் எஞ்சவில்லை.

ஆயினும் அதே நகை பிறர் வாய்ப்படும்போது தன்மை மாறுகிறது. 1960களில் பிராங்க் சினாட்ராவுடனும் டீன் மார்ட்டினுடனும் அவர் தோன்றிய மேடைகளில் அவருடைய நிறமும் சமயமும் வழக்கமான கேலிப்பொருள்களாயின. மார்ட்டின் அவரைப் பரிசுக்கோப்பைபோல் கைகளில் தூக்கி, கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்திற்கு நன்றி கூறுவார். அவையோருடன் டேவிஸும் சிரிப்பார். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை இது. இச்சிரிப்பைத் தற்காப்பு என்பாரும் பணிவு என்பாரும் உளர். டேவிஸின் தனிக் கூற்றிற்கு முதலாவது பொருந்தும். மேடைச் சிரிப்பிற்கு அவ்வளவு எளிதில் பொருந்தாது.

எழுத்தாளரும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜூலியஸ் லெஸ்டர் (1939-2018) மெதடிஸ்ட் போதகரின் மகன். 1982இல் யூதம் தழுவினார். அவருடைய கொள்ளுப்பாட்டனாருள் ஒருவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர். ஆனால் சமயச் சட்டம் தாய்வழி மரபையே ஏற்பதால் அவ்வுறவு பயன்படவில்லை. யூதரின் கொள்ளுப்பேரர் யூதராவதற்கு விண்ணப்பிக்க நேர்ந்ததில் உள்ள நகை எவரும் புனைந்ததன்று.

உள்ளிருந்து எழும் நகை

மதம் தழுவியோர் இஸ்ரயேலுக்குத் தோலில் படரும் நோய்போல் தொல்லையானவர் என்னும் கடுஞ்சொல் ஒன்று தல்மூதில் உண்டு. இடைக்கால ஐரோப்பிய உரைத்தொகுப்பான தோசாஃபோத், தாமே மதம் தழுவியவரான ஆபிரகாம் என்பவரின் விளக்கத்தை இதற்குத் தருகிறது. மதம் தழுவியோர் கட்டளைகளை மிகக் கருத்துடன் கடைப்பிடிக்கின்றனர். அதனால் பிறப்பால் யூதரானோரின் குறைகள் வெளிப்படுகின்றன. தொல்லை என்றது அதனையே என்பது அவ்விளக்கம். சொல்லை மறுக்காமல், எழுத்து ஒன்றையும் மாற்றாமல், எள்ளலின் திசையை மட்டும் அவர் திருப்பிவிட்டார். டேவிஸின் விடை கேட்போரை வாயடைக்கச் செய்தது. இவ்விடையோ கேட்போரின் நூலிலேயே இடம்பெற்றது.

உணவு வரலாற்றாசிரியர் மைக்கேல் ட்விட்டியின் எழுத்துகளை இம்மரபில் வைத்துப் படிக்கலாம். யூதம் தழுவிய ஆப்பிரிக்க அமெரிக்கரான அவர் எபிரேயப் பள்ளிகளிலும் கற்பித்தவர். கறுப்பின உணவும் யூத உணவும் ஒரே அடுப்பில் சேர்வதை 2022இல் வெளிவந்த ‘கோஷர்சோல்’ நூலில் விரித்துரைக்கிறார். இச்சேர்க்கையின் இயல்பை விளக்கக் காராமணி ஒன்றே போதும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா இரவில் உண்ணப்படும் பொருள்கள் பல சொல்விளையாட்டால் தெரிவு செய்யப்பட்டவை. ‘ரூபியா’ என்னும் பயறு, பெருகுதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு ஒலியால் ஒத்தது. செபார்து யூதர் பலர் அதனைக் காராமணியாகக் கொள்வர். இத்திஷ் பேசியோர்க்கு அவ்வொலி ஒப்புமை கேரட்டில் கிடைத்தது. அம்மொழியில் கேரட்டின் பெயரே பெருகுதலையும் குறிக்கும். ஆங்கிலம் பேசுவோர் லெட்டஸ் கீரை, பாதி உலர்திராட்சை, செலரி மூன்றையும் தட்டில் வைத்து, ஊதிய உயர்வு வேண்டுவதாக அவற்றைச் சேர்த்துப் படித்துச் சிரிப்பர். எம்மொழியினரும் தம் சொல்லோடு அமர அவ்விருந்தில் இடம் உண்டு.

காராமணி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகத்தின் வழியே அமெரிக்காவை அடைந்தது. தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்கள் சனவரி முதல் நாளில் நற்பேறு வேண்டி அதனைச் சமைக்கின்றன. யூதம் தழுவிய ஒருவர் செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒருமுறையும் சனவரியில் மற்றொரு முறையும் ஒரே பயறை அடுப்பிலேற்றுகிறார். முதல் முறை இது யாருடைய வழக்கம் என்று விருந்தினர் கேட்டால், இரண்டு விடைகளும் உண்மையாகவே இருக்கும்.