சுருக்கில் அகப்பட்ட சிறுத்தை

கொத்மலை, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப் பன்றிகள் உழுது பாழாக்கும். அவற்றுக்கென வைக்கும் கம்பிச் சுருக்கிலே சிறுத்தை வந்து அகப்பட்டுக்கொள்கிறது. 2020 மே 26ஆம் நாள் நல்லதண்ணிப் பக்கத்து லக்சபான தோட்டத்தில், கழுத்தில் இறுகிய கம்பியோடு காணப்பட்டது மிக அரிதான ஒரு கருஞ்சிறுத்தை. வனசீவராசிகள் திணைக்கள வைத்தியர்கள் அதனை மயக்கி விடுவித்து, உடவளவைக்குக் கொண்டுசென்றனர். மே 29இல் அது இறந்தது.

கம்பியை அறுத்துவிட்டால் போதாதா என நேயர்கள் எண்ணலாம். போதாது. திமிறத் திமிறத் தசை சிதையும். அச்சிதைவு குருதியிற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மயக்க மருந்தையோ, விலங்கின் எடையைக் கண்ணால் மதித்தே கொடுத்தல் வேண்டும். பசுவுக்கு ஊசி போட்ட பழக்கம் இங்கே உதவாது. ஒரு வைத்தியர் தம் வாழ்நாளில் எத்தனை சிறுத்தைகளுக்குச் சிகிச்சை செய்துவிடப் போகிறார்? எனவேதான் ஒருவர் கண்டது பிறர்க்கும் எட்டுமாறு இவர்கள் சங்கம் அமைத்தனர். அமெரிக்காவில் 1951இல் தோன்றிய வனவிலங்கு நோய்ச் சங்கம் இதற்கெனவே சஞ்சிகை ஒன்றை நடத்துகிறது. பிழைத்த விலங்கைப் போலவே இறந்த விலங்கும் அங்கே பாடமாகிறது.

வைத்தியர் வரும்வரை தோட்டத்து மக்கள் தூர விலகி அரவமின்றி நிற்பதும் இச்சிகிச்சையைச் சேர்ந்ததே. கூட்டத்தைக் கண்டு விலங்கு திமிறுந்தோறும் கம்பி மேலும் இறுகுகிறது.