பொன்னாடைக்கு முன்னால் பி.பி.ஓ.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்றது அந்த நாளில்தான். நம்ம பக்கம் அது போகியாகவோ பொங்கலாகவோ வந்துவிடும். விழாவுக்கு யார் வருவார்கள்? சால்வையும் மைக்கும் டிசம்பர் 7 கொடிநாளுக்குத்தான். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். எனக்குத் தெரிந்த மரியாதை பேப்பரில் இருக்கிறது.

எங்கள் தெரு சுபேதார் சாபுக்கு எண்பது தாண்டிவிட்டது. 65 சண்டையில் சியால்கோட் முனையில் நின்றவர். போன மாதம் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, அடியில் பதக்கங்கள். "தம்பி, பென்ஷன் ஏறியிருக்கா பாரு."

ஏறியிருந்தது. எண்பது வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, தொண்ணூறில் 40, 95-ல் 50. நூறைத் தொட்டால் இரட்டிப்பு. அதற்கு மேல் அகவிலை நிவாரணமும் உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அவர் மனைவியின் பிறந்த தேதிக்கான கட்டம் காலி. "அவ எங்கப்பா பள்ளிக்கூடம் போனா?" என்றார். அவருக்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். எண்பதில் அதுவும் இதே கணக்கில் ஏற வேண்டும். தேதியே இல்லாவிட்டால் எந்த வயதை வைத்து ஏற்றுவார்கள்? பெயரிலும் கோளாறு. பட்டாளப் பதிவேட்டில் வெறும் பெயர். ஆதாரில் புருஷன் பெயர் பின்னால் ஒட்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். இதையெல்லாம் அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம். பிறகு அந்த அம்மா தனியாக அலைய வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை தரும் உயிர்வாழ் சான்றிதழும் இப்படித்தான். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் கைரேகை வைத்தால் போதும். ஆனால் சாபின் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. கருவி நாலு முறை மறுத்தது. 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. கண்ணை ஒருமுறை சிமிட்டச் சொன்னேன், வேலை முடிந்தது.

சாதாரண ஆட்களுக்குத்தான் இந்தப் பாடு என்று நினைக்காதீர்கள். 71 போரை நடத்திய மானெக்‌ஷா, 1973-ல் ஃபீல்டு மார்ஷல் ஆனவர். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது. ஆயுள் முழுக்கச் சம்பளம். அதில் சேர வேண்டிய பாக்கி, ஒரு கோடிக்கு மேல், அவர் கைக்கு வந்தது 2007-ல். மறு வருடம் வெலிங்டனில் காலமானார். வயது 94.

உங்கள் தெருவிலும் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருப்பார். பொன்னாடை தாராளமாகப் போர்த்துங்கள். அதற்கு முன் அவருடைய பி.பி.ஓ.வை வாங்கி, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். போக வர ஆட்டோ செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.