தில்ஆராம் புதிர்: இரு தேர்களை ஈந்து பெற்ற வெற்றி

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்தது சதுரங்கம். இவ்விளையாட்டு இந்திய மண்ணில் தோன்றியது என்பதில் ஆய்வாளர் பெரும்பாலோர் உடன்படுவர். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் இது பாரசீகம் சென்று 'சத்ரங்' எனப் பெயர் பெற்றது. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபியர் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர், அப்பெயர் அரபு நாவில் 'ஷத்ரஞ்ச்' எனத் திரிந்தது. அப்பாசியக் கலீஃபாக்களின் பாக்தாதில் இது பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடாமல், நூல் எழுதி ஆராயத்தக்க கலையாகவே உயர்ந்தது. அக்கலை மரபு நமக்கு விட்டுச்சென்ற புகழ்பெற்ற புதிர் ஒன்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மன்சூபா என்னும் புதிர்க்கலை

ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தை மட்டும் பலகையில் அமைத்து, "இந்நிலையிலிருந்து வெல்வது எங்ஙனம்?" என்று வினவும் புதிருக்கு அரபியர் 'மன்சூபா' என்று பெயரிட்டனர். 9ஆம் நூற்றாண்டினரான அல்அத்லீ சதுரங்கத்திற்கெனத் தனி நூல் யாத்தவர். கலீஃபா அல்முதவக்கில் முன்னிலையில் அவரை வென்றவர் அர்ராஸீ. இவர்களுக்குப் பின் வந்து இவர்களினும் மேலாகப் புகழ் பெற்றவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலி. கலீஃபா அல்முக்தஃபீ (902–908) காலத்தில், கலீஃபாவின் பரிவுக்குரியவராயிருந்த அல்மாவர்தீ என்னும் ஆட்டக்காரரை அரசவையில் வென்று இவர் பெரும்பெயர் பெற்றார்.

இலக்கிய மாணவர்க்கு அஸ்ஸூலி வேறொரு வகையிலும் உறவினர் ஆவார். வரலாற்றாசிரியராகவும் விளங்கிய அவர், அபூநுவாஸ், அபூதம்மாம் முதலிய பெருங்கவிஞர்களின் பாடல்களைத் திரட்டித் தொகுத்தவர். சிதறிக்கிடந்த செய்யுள்களைத் தேடி ஒழுங்குபடுத்திய கையே சதுரங்கக் காய்களையும் ஒழுங்குபடுத்தியது. அவர் அமைத்த புதிர் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தீர்வு காணப்படாதிருந்து, 1980களில் ரஷ்ய வல்லுநர் யூரி அவர்பாக்கின் ஆய்வால் விடை பெற்றது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் 'தில்ஆராம் புதிர்' அவர் பெயரோடு சேர்த்தும் வழங்கப்படுகிறது.

கதை

'தில்' என்பது உள்ளம். 'ஆராம்' என்பது ஓய்வு, அமைதி. உள்ளத்திற்கு அமைதி தருபவள் என்னும் பொருள்படும் பெயர் தில்ஆராம். செல்வர் ஒருவர் பந்தயம் வைத்துச் சதுரங்கம் ஆடிப் பொருளையெல்லாம் தோற்றார். தோல்வியின் வெறியில், தம் அன்புக்குரிய மனைவியையே பந்தயமாக வைத்தார். அந்த ஆட்டமும் தோல்வியை நோக்கிச் சென்றது. எதிரி ஒரே ஆட்டத்தில் வென்றுவிடும் நிலை. அப்போது திரைக்குப் பின்னிருந்து பலகையைக் கவனித்திருந்த தில்ஆராம், தேர்கள் இரண்டையும் கொடுத்துவிட்டுத் தன்னைக் காக்குமாறு குறிப்பால் உணர்த்தினாள். கணவர் அவ்வாறே ஆடி வென்றார் என்பது கதை.

இது வரலாறு அன்று. புதிருக்குச் சுவையூட்டப் பிறந்த கதை. பந்தயம் வைத்து ஆடுவது சூது. அது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பந்தயமின்றியும் தொழுகை தவறாமலும் ஆடும் சதுரங்கத்தைப் பற்றிச் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் ஷாஃபிஈ அவர்கள் அதனை ஹராம் என்று விலக்காமல், மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார்கள் என்பர். ஏனையோர் இன்னும் கடுமை காட்டினர். கதையின் நாயகர் செய்தது எவர் கூற்றின்படியும் பிழையே. ஆயினும் புதிரின் அறிவுநுட்பம் அப்பிழையினின்றும் வேறானது.

பழைய ஆட்டத்தின் விதிகள்

புதிருக்குள் புகுமுன் விதிகளைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அரசன், குதிரை, மூலைக்காய் ஆகிய மூன்றும் அன்று நகர்ந்தவாறே இன்றும் நகர்கின்றன. இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று 'ஃபிர்ஸ்' என்னும் அமைச்சர் நின்றார். குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய் அது. இன்று மந்திரி நிற்கும் இடத்தில் அன்று நின்றது 'ஃபீல்', அதாவது யானை. அது குறுக்காக இரண்டாம் கட்டத்திற்கு மட்டும் செல்லும். இடையில் எந்தக் காய் நின்றாலும் தாண்டிவிடும். காலாள் முதல் ஆட்டத்திலும் ஒரு கட்டமே நகரும்.

நம் ஊர்களில் மூலைக்காயை யானை என்று வழங்குவோர் பலர். அரபியர் அதனை 'ருக்' என்றனர். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் மூலைக்காயைத் தேர் என்றும், தாண்டும் காயை யானை என்றும் குறிப்போம். அரசனுக்கு முற்றுகை நேரும்போது 'ஷாஹ்' என்பர். தப்ப வழியின்றி அவன் அகப்பட்டால் 'ஷாஹ் மாத்' என்பர். அரசன் செயலற்றான் என்பது பொருள்.

காய்களின் நிலை

வெள்ளை ஆட்டக்காரரின் இடக்கைப் பக்கம் தொடங்கி நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், அவர் பக்கத்திலிருந்து கிடைவரிசைகளை 1 முதல் 8 வரையிலும் எண்ணுக. இப்புதிர் பல வடிவங்களில் வழங்குகிறது. நாம் விளக்கத்திற்கு ஏற்ற ஒரு வடிவை இங்கு வைக்கிறோம்.

வெள்ளை: அரசன் இ-1, தேர்கள் எச்-1, எச்-4, யானை எச்-3, குதிரை ஜி-4, காலாட்கள் எஃப்-6, ஜி-6.

கறுப்பு: அரசன் ஜி-8, தேர்கள் ஏ-8, பி-2.

ஆட வேண்டியது வெள்ளை. கறுப்பின் கைக்கு ஓர் ஆட்டம் கிடைத்தால் ஏ-8இல் உள்ள தேர் ஏ-1இல் இறங்கும். இரண்டாம் வரிசையை மற்றொரு தேர் அடைத்துக்கொண்டிருப்பதால் வெள்ளை அரசனுக்கு அங்கேயே முடிவு. தற்காப்பில் இறங்கினால் முன்னேறி நிற்கும் படை தன் வேகத்தை இழக்கும். ஆகவே வெள்ளையின் ஒவ்வோர் ஆட்டமும் 'ஷாஹ்' சொல்லும் ஆட்டமாக இருத்தல் வேண்டும். எதிரிக்கு மூச்சுவிட இடம் தரலாகாது.

தீர்வு காணும் நெறி

இத்தகைய புதிரில் கண்ணை மூடிக்கொண்டு காயை வெட்டக் கொடுப்பதால் பயனில்லை. எதிரி அரசன் தப்பக்கூடிய கட்டங்களை முதலில் எண்ணுதல் வேண்டும். ஜி-8ஐச் சுற்றியுள்ளவை ஐந்து: எஃப்-8, எச்-8, எஃப்-7, ஜி-7, எச்-7. இவற்றுள் ஜி-7ஐ எஃப்-6 காலாள் காக்கிறான். எஃப்-7, எச்-7 இரண்டையும் ஜி-6 காலாள் காக்கிறான். எச்-8ஐ எச்-4 தேர் மட்டுமே காக்கிறது. எஃப்-8 காவலற்றது.

குதிரை எச்-6இல் பாய்ந்து 'ஷாஹ்' சொன்னால் என்ன? எஃப்-8 வழியே அரசன் நழுவிவிடுவான். அந்த வழியை அடைக்க ஜி-6 காலாளை ஜி-7க்கு நகர்த்தினால் என்ன? அங்கிருந்து அவன் எஃப்-8, எச்-8 இரண்டையும் காப்பான் என்பது உண்மையே. ஆனால் அது 'ஷாஹ்' அன்று. எதிரியின் தேர் உடனே ஏ-1இல் இறங்கிவிடும். மேலும், அவன் முன்னேறியதும் முன்பு காத்துவந்த எஃப்-7, எச்-7 இரண்டும் திறந்துவிடும். எஃப்-7ஐக் குதிரை எச்-6இலிருந்து காக்கும். எச்-7ஐக் காப்பது யார்? யானை எஃப்-5இல் நின்றால் காக்கும். ஆனால் யானையை அங்கு நகர்த்தும் ஆட்டமும் 'ஷாஹ்' அன்று.

இங்கேதான் புதிரின் முடிச்சு இருக்கிறது. யானை எஃப்-5க்கும், காலாள் ஜி-7க்கும் செல்ல வேண்டும். இரண்டும் 'ஷாஹ்' சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும். கறுப்பு அரசன் எச்-8இல் நின்றால் இரண்டும் கூடும். எச் வரிசையில் யானைக்குப் பின்னால் தேர் நிற்கிறது. யானை விலகினால் அத்தேரின் பார்வை எச்-8 வரை செல்லும். காலாள் ஜி-7க்கு வந்தால் எச்-8ஐ நேரே தாக்குவான். எனவே அரசனை எச்-8க்கு இருமுறை இழுத்துவர வேண்டும். இருமுறைக்கும் விலை ஒவ்வொரு தேர்.

தீர்வு

1. எச்-4இல் உள்ள தேர் எச்-8க்குச் சென்று 'ஷாஹ்'. அரசனுக்கு வேறு கட்டம் இல்லை. தேரை வெட்டியே தீரவேண்டும்.

2. யானை எச்-3இலிருந்து, இடையில் நிற்கும் தன் குதிரையைத் தாண்டி, எஃப்-5க்குச் செல்கிறது. எச்-1 தேரின் வழி திறந்து 'ஷாஹ்'. இன்றைய மந்திரி இதனைச் செய்ய இயலாது. ஜி-4 குதிரை அதன் வழியை மறிக்கும். யானை தாண்டும் காயாதலின் இது கூடியது. கறுப்புத் தேர் பி-2இலிருந்து எச்-2க்கு வந்து இடையில் நிற்கிறது.

3. வெள்ளைத் தேர் எச்-2இல் அதனை வெட்டி மீண்டும் 'ஷாஹ்'. அரசன் ஜி-8க்குத் திரும்புகிறான்.

4. அத்தேரும் எச்-8க்குச் சென்று 'ஷாஹ்'. முன்போலவே வேறு வழியில்லை, அரசன் வெட்டுகிறான்.

5. காலாள் ஜி-7, 'ஷாஹ்'. எச்-7ஐ யானை காக்கிறது. ஜி-7இல் நிற்பவனை எஃப்-6இல் நிற்பவன் காக்கிறான். எஞ்சிய கட்டம் ஜி-8 ஒன்றே.

6. குதிரை எச்-6, 'ஷாஹ் மாத்'. எஃப்-8, எச்-8 இரண்டையும் ஜி-7 காலாளும், எஃப்-7ஐக் குதிரையும், எச்-7ஐ யானையும், ஜி-7ஐ எஃப்-6 காலாளும் காக்கின்றனர். ஐந்து கட்டங்களும் அடைபட்டன.

இரண்டாம் ஆட்டத்தில் கறுப்புத் தேர் குறுக்கே வராமல் அரசனே ஜி-8க்குத் திரும்பினால் தீர்வு ஓர் ஆட்டம் சுருங்கும், முடிவு மாறாது. இறுதியில் கறுப்பிடம் தேர் ஒன்று நலமாக நிற்கிறது. வெள்ளையிடம் ஒரு தேரும் இல்லை. வென்றவை யானையும் குதிரையும் இரு காலாட்களுமே.

பலியும் இழப்பும்

இப்புதிரில் பலகையை விட்டு நீங்கிய தேர்கள் இரண்டல்ல, மூன்று. வெள்ளை இரண்டைக் கொடுத்தது. கறுப்பு எச்-2இல் ஒன்றைக் கொடுத்தது. ஆயினும் வெள்ளை கொடுத்ததையே நாம் தியாகம் என்கிறோம். கறுப்பு கொடுத்தது இழப்பு. காரணம் வெளிப்படை. வெள்ளையின் முதல் தேர் யானைக்கு இடம் பெற்றுத் தந்தது. இரண்டாம் தேர் காலாளுக்குக் காலம் பெற்றுத் தந்தது. கறுப்பின் தேர் ஓர் ஆட்டத்தைத் தள்ளிப்போட்டது, அவ்வளவே. கொடுத்த பொருளின் மதிப்பால் தியாகம் உயர்வதில்லை. அதனால் விளைந்த பயனாலும், கொடுக்குமுன் எண்ணிய எண்ணத்தாலுமே உயர்கிறது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதன் நுட்பம் இப்பலகையின் முன் அமரும்போது தெளிவாக விளங்குகிறது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. பாரதக் கதையில் பந்தயப் பொருளாக்கப்பட்ட பாஞ்சாலி அவை நடுவே நீதி கேட்டாள். இக்கதையில் பந்தயப் பொருளாக்கப்பட்ட தில்ஆராம் வழியே காட்டினாள். பலகையின் முன் அமர்ந்திருந்த கணவருக்கு எதிரியின் தேர் மட்டுமே தெரிந்தது. திரைக்குப் பின்னிருந்தவளுக்கு ஆறு ஆட்டங்கள் தெரிந்தன. அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னதால் குடும்பம் பிழைத்தது. அவ்வறிவை ஆட்டம் தொடங்குமுன்னரே கேட்டிருந்தால் பந்தயமே நேர்ந்திராது.

நம் இல்லங்களிலும் இத்தகைய கூர்த்த மதியுடைய பெண்மக்கள் பலர் உளர். பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளின் மேற்படிப்பைப் பற்றி முடிவெடுக்கும்போது, அம்மகளின் கருத்தைக் கேட்காத வீடுகள் இன்றும் இல்லாமலில்லை. நெருக்கடி வந்த பின் அவர்கள் அறிவை நாடுவதினும், முன்னரே கேட்டு நடப்பது குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் நலம் பயக்கும் என்பதைப் பெற்றோரும் பெரியோரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்கள் இப்புதிரைப் பலகையில் அமைத்துத் தாமே ஆடிப்பார்ப்பார்களாக. தீர்வை மனப்பாடம் செய்வதினும், ஒவ்வொரு கட்டத்தையும் யார் காக்கிறார் என்று எண்ணிப் பழகுவதே பயன் தரும். பாக்தாத் அறிஞர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அப்பழக்கமே ஆகும்.