ஷேக்ஸ்பியர் நாடகங்களில் முன்னிலைப் பெயர்கள்: தமிழ், தெலுங்கு மாணவர் நோக்கில்

1. முன்னுரை

சித்தூர், திருப்பதிப் பகுதிக் கல்லூரிகளில் ஆங்கில நாடகம் பயில்வோருள் பெரும்பாலோர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ் பேசுவோரும் உளர். 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரும் இப்பகுதியின் இருமொழித் தன்மை மறையவில்லை. ஆங்கிலத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் இம்மாணவர்க்கு நானூறாண்டு முற்பட்ட நாடகமொழி இரட்டைச் சுமை எனக் கருதி, அதனை இக்கால ஆங்கிலத்தில் எளிமைப்படுத்தித் தருவதுண்டு. அவ்வாறு செய்கையில், மாணவர் தம் தாய்மொழியால் எளிதில் உணரக்கூடிய ஒரு கூறு நீங்கிவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. முன்னிலை அமைப்பு

ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் 'தௌ' ஒருமை. 'யூ' பன்மைக்கும் மரியாதை ஒருமைக்கும் உரியது. தமிழின் நீ–நீங்கள், தெலுங்கின் நுவ்வு–மீரு ஆகியனவும் இவ்வாறே அமைகின்றன. 'தௌ' வருமிடத்து வினையும் தனி விகுதி பெறும். வந்தாய்–வந்தீர்கள் என வினையை வேறுபடுத்தும் மாணவர்க்கு இவ்வியைபு புதிதன்று. இத்தகைய இணைகளை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அளவைகளால் பிரௌன், கில்மன் ஆகியோர் 1960இல் விளக்கினர். இக்காலப் பொது ஆங்கிலத்திலோ 'யூ' ஒன்றே எஞ்சியுள்ளது.

3. இரு காட்சிகள்

'ஹாம்லெட்' மூன்றாம் அங்கத்தில் தாய் மகனைத் 'தௌ' எனக் கடிகிறாள். மகன் அதே வாக்கிய அமைப்பில் 'யூ' என விடையிறுக்கிறான். அடுத்த கூற்றில் தாயும் 'யூ' என மாறுகிறாள். மகன் தாயை 'யூ' என்பது இயல்பு; தாய் மகனை அவ்வாறு விளிப்பதே விலகலைக் காட்டுகிறது. சினந்த தாய் பிள்ளையை 'நீங்கள்' என்று பேசக் கேட்டவர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை. 'லியர்' முதற் காட்சியில் கென்ட் தன் அரசனையே 'தௌ' என்கிறான். அவ்வொரு சொல் அரசவையின் ஒழுங்கைக் குலைக்கிறது. எளிமைப்படுத்திய பாடத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிட, கதை எஞ்சுகிறது, மோதல் மறைகிறது.

4. ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமை முழுமையானதன்று. 'மக்பெத்' முதல் அங்கத்தில் மனைவி கணவனிடம் ஒரே உரையில் இரு வடிவங்களையும் கலந்து பேசுகிறாள். கணவனை 'நீங்கள்' என்றே விளிக்கும் தமிழ்க் குடும்பங்களில் 'நீ' என்னும் மாற்றம் மூலத்தினும் கடுமையாக ஒலிக்கும். அங்கு மொழிபெயர்ப்பாளர் விளிச்சொல்லையோ வாக்கியத்தின் தொனியையோ நாட வேண்டியிருக்கும். மேலும், இறைவனைத் 'தௌ' என்னும் ஆங்கில மரபும் 'நீ' என்னும் பக்தி இலக்கிய மரபும், ஒருமை எப்போதும் இழிவு அன்று என்பதை உணர்த்துகின்றன.

5. முடிவுரை

ஒரு காட்சியின் முன்னிலைப் பெயர்களை மாணவர் முதலில் குறித்து, அவற்றைத் தம் மொழியில் பெயர்த்து, பொருந்தாத இடங்களுக்குக் காரணம் கூறுதல் பயனுள்ள பயிற்சியாகும். இப்பயிற்சியில் தாய்மொழி தடையாக அன்றி, மூலத்தை அணுகும் கருவியாக அமைகிறது. இக்கால ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் தனியே கற்றறிய வேண்டிய ஒன்றை இம்மாணவர் வகுப்பறைக்குள் வரும்போதே அறிந்திருக்கின்றனர்.