முள்செடிக் கோடு: கையால் தேய்ப்பதா, மெஷின் போடுவதா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் காரை ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர். தண்டெல்லாம் சின்னச் சின்ன வளைந்த முள். ஊர் திரும்பிக் காரைக் கழுவினால் இடதுபக்கக் கதவுகளில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் தெரியும். "காம்பவுண்ட் போட்டுத் துணியால தேய்ங்க, போயிடும்" என்பார் ஒருவர். "மெஷின் பாலிஷ் போட்டாத்தான் சரிப்படும்" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்பதைக் கோட்டின் ஆழம்தான் தீர்மானிக்கும்.

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பாலிஷ் கோட்டை நிரப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கோட்டைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கோட்டின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறது. தேய்த்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான். பழைய கார்களின் பானட்டிலும் கூரையிலும் தோல் உரிந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது கிளியர் கோட் போன இடம்.

ஆகவே முதல் வேலை சோதனை. காரைக் கழுவி, கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கோடு மறைந்தால் அது மேலடுக்கோடு நின்றிருக்கிறது. பிறகு காயவிட்டு, நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போய்விடும். நகம் சிக்கினால் மங்கச் செய்யலாம், முழுதாக எடுக்க ஆசைப்படக் கூடாது. உள்ளே பிரைமரோ தகரமோ தெரிந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம். அது பெயிண்ட் வேலை. உண்ணிச்செடி போடும் கோடுகளில் பல முதல் வகையைத் தாண்டுவதில்லை.

கையால் தேய்ப்பதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைப்பிடிக்குப் பின்னால் குழிந்த இடத்தில் விழும் நகக்கீறல், கதவின் ஓரம், பக்கக் கண்ணாடியின் மூடி, ஒன்றிரண்டு குட்டைக் கோடுகள் ஆகியவற்றுக்குக் கைதான் தோது. மெதுவாகத் தேயும், சூடேறாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் விரல் நுனியால் அழுத்தாதீர்கள். விரலுக்குக் கீழே மட்டும் அதிகம் தேய்ந்து பள்ளம் விழும். தட்டையான ஸ்பாஞ்சைச் சுற்றி மைக்ரோஃபைபர் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரே அழுத்தத்தில் தேயுங்கள்.

கையின் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காம்பவுண்டுகள் பலவற்றில் உள்ள துகள்கள் முதலில் கரடாக இருந்து, தேய்க்கத் தேய்க்க நொறுங்கிப் பொடியாகி மெருகேற்றும் வகை. அதற்கு வேகம் வேண்டும். கையால் அந்த வேகம் வராது. துகள் கரடாகவே நின்றுவிடும். பெரிய கதவு முழுக்கக் கையால் காம்பவுண்ட் போட்டால் முள்கோடு போய், அதன் இடத்தில் மங்கலான புகைமூட்டம் மிஞ்சுவது இதனால்தான்.

மெஷினில் இரண்டு வகை. பட்டறைகளில் அதிகம் காண்பது ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி. கம்பளி பேட் மாட்டினால் ஆழமான கோட்டையும் சீக்கிரம் எடுத்துவிடும். பழகாத கையில் அதே வேகம் ஆபத்து. ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் கருகும். மடிப்புகளில், விளிம்புகளில் பூச்சு மெல்லியது; அங்கே நொடியில் நிறம் வந்துவிடும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவி வெளியேறாததால் இன்னும் கவனம் தேவை. பட்டறை நிழலில் பளபளத்த கார் வெயிலுக்கு வந்ததும் அலை அலையான வரிகளைக் காட்டுவதும் ரோட்டரியை அவசரமாகப் போட்டதன் அடையாளமே.

இரண்டாவது வகை, சுற்றிக்கொண்டே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின். சூடு குறைவு, வேகமும் சற்றுக் குறைவு. சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவருக்கு இதையே சொல்வேன். நிழலில், பானட் ஆறியபின், இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, மெஷினை மெதுவாக நகர்த்துங்கள். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அவ்வப்போது புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். முதலில் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு ஒரு சிறு இடத்தில் முயன்று, போதவில்லை என்றால்தான் கடினமானதற்குப் போக வேண்டும்.

பொறுமையாகத் தேய்ப்பதற்கு ஓர் உதாரணம்: ஜமுனாமரத்தூர் இருக்கும் அதே மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் பயன்பாட்டுக்கு வந்த அதன் முதன்மைக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில். தொலைநோக்கிக் கண்ணாடி செய்கிறவர்கள் கொஞ்சம் தேய்ப்பார்கள், சூடு ஆறும்வரை காத்திருப்பார்கள், அளப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். அதிகம் தேய்த்துவிட்டால் சரிசெய்ய மொத்தப் பரப்பையும் மறுபடி இறக்க வேண்டும். கார் கதவுக்கு அவ்வளவு நுட்பம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நிறுத்தி, எண்ணெய்ப் பசை போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம். பாலிஷில் உள்ள எண்ணெய் கோட்டை மூடி மறைத்து, போய்விட்டதுபோல் காட்டும். நாலு முறை கழுவினால் திரும்பத் தெரியும்.

பட்டறையில் விடுவதானால் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை காம்பவுண்ட் போட்ட கார் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

முள்செடியைவிட அதிகக் கீறல் போடுவது காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டும் நம் வழக்கம். மலைப்பாதை மண் படிந்த காரைத் துடைத்தால் அந்த மண்ணே உப்புத்தாளாகிவிடும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள், பிறகு ஷாம்பு, பிறகு துணி. தகரம் தெரியும் கீறலுக்கு மட்டும் அன்றைக்கே, காய்ந்த பிறகு, காரின் நிற எண்ணைப் பார்த்து வாங்கிய டச்-அப் பெயிண்ட்டை நுனித் தூரிகையால் வையுங்கள். மழையும் பனியும் உள்ள மாதங்களில் துரு வெகு சீக்கிரம் உள்ளே இறங்கும்.